வாடகைத் தகராறும் வர்த்தகப் பாடங்களும்: கொவென்ட்ரி கழகத்தின் இருபது வருட அனுபவம்

வியாபாரிக்கு விற்பனை நிச்சயமில்லை, வாடகை நிச்சயம். கடை திறந்தாலும் மூடியிருந்தாலும், மழை பெய்தாலும் ஹர்த்தால் நடந்தாலும் மாத முடிவில் கட்டிட உரிமையாளர் கேட்கும் தொகை குறைவதில்லை. நமது வர்த்தகர்களில் பெரும்பாலானோர் வாடகைக் கடைகளிலேயே தொழில் செய்கின்றனர். ஆனால் சரக்கின் விலையைப் பற்றி ஆராயும் அளவுக்கு வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி நாம் ஆராய்வதில்லை. உறவுமுறை, ஊர்ப்பழக்கம், வாய்ப்பேச்சு என்பவற்றை நம்பியே காரியம் நடக்கிறது. பிரச்சினை வந்த பிறகுதான் சட்டத்தரணியைத் தேடுகிறோம்.

இந்த வாரம் இங்கிலாந்தின் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வாடகைத் தகராற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் ஆர்வமில்லாதவர்களும் இதனைப் படிக்கலாம். இது கோல்களைப் பற்றிய கதையல்ல. சொந்த இடத்தை விற்று வாடகைக்குப் போன ஒரு வியாபாரம் எப்படித் தெருவுக்கு வந்தது, வாடகைக்காரரை இழந்த உரிமையாளர் எப்படிப் பலவீனமானார், இருவரும் சண்டையிட்டபோது மூன்றாமவர் எப்படி உள்ளே வந்தார் என்பதைப் பற்றியது.

சொந்த வீடும் வாடகை வீடும்

இங்கிலாந்தின் மத்திய பகுதியில் உள்ள தொழில் நகரம் கொவென்ட்ரி. அந்நகரின் கொவென்ட்ரி சிட்டி கழகம் 1967 முதல் 2001 வரை தொடர்ந்து 34 வருடங்கள் நாட்டின் முதற்தரப் பிரிவில் விளையாடியது. 1987 இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. 1899 முதல் ஹைஃபீல்ட் ரோட் என்ற மைதானமே அதன் இருப்பிடம்.

பெரிய மைதானம் ஒன்றுக்கு மாறினால் வருமானம் பெருகும் என்ற கணக்கில் பழைய மைதானத்தைக் கழகம் விற்றது. ஆனால் புதிய மைதானம் எழும்புவதற்கு முன்பே, 2001 இல், பிரீமியர் லீக்கிலிருந்து கழகம் கீழிறங்கியது. தொலைக்காட்சி வருமானம் சரிந்தது, கடன் ஏறியது. புதிய மைதானத்தை நடத்தவென அமைக்கப்பட்ட கம்பனியில் கழகத்துக்கு இருக்கவேண்டிய அரைவாசிப் பங்கும், பணமுடை காரணமாக, ஹிக்ஸ் என்ற உள்ளூர்த் தரும நிதியத்துக்குக் கைமாறியது. மறு அரைவாசி மாநகர சபையிடம் இருந்தது.

2005 இல் ரிகோ அரீனா என்ற பெயரில் புதிய அரங்கு திறக்கப்பட்டது. 32,000 க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கு, கண்காட்சி மண்டபங்கள், ஹோட்டல், கசினோ என அது பெரியதொரு வளாகம். ஆனால் கழகத்துக்கு அங்கு கிடைத்தது வாடகைக்காரர் என்ற இடம் மட்டுமே. வருட வாடகை ஏறத்தாழ 13 இலட்சம் பவுண்.

இந்தத் தொகையை நமது முறையில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லீக் பருவத்தில் கழகத்தின் சொந்த மைதானப் போட்டிகள் 23 மட்டுமே. அப்படியானால் ஒரு போட்டி நாளுக்கு வாடகை ஏறத்தாழ 55,000 பவுண். கழகம் அரங்கைப் பயன்படுத்துவது வருடத்தில் சில வாரங்களின் நாட்கள். பொறுப்பேற்றதோ வருடம் முழுவதற்குமான சுமை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. போட்டி நாளில் வரும் இரசிகர்கள் உணவுக்கும் பானத்துக்கும் செலவிடும் பணத்தின் இலாபம் கழகத்தைச் சேரவில்லை. அந்த உரிமையும் கைவிட்டுப் போயிருந்தது. கூட்டத்தைக் கூட்டுபவர் ஒருவர். சில்லறையை எடுப்பவர் இன்னொருவர்.

வாடகை நிறுத்தப்பட்டது

2007 டிசம்பரில், வங்குரோத்தின் விளிம்பில் நின்ற கழகத்தை சிசு என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. நிலைமை சீராகவில்லை. 2012 இல் கழகம் மூன்றாம் தரப் பிரிவுக்கு இறங்கியது. அதே வருட வசந்த காலத்தில், மைதான வாடகையைக் கொடுப்பதைக் கழகம் நிறுத்திக்கொண்டது.

கழகத்தின் வாதம் எளிமையானது. "முதற்தரப் பிரிவைக் கனவு கண்ட காலத்து வாடகையை மூன்றாம் தரப் பிரிவில் நின்று எப்படிக் கொடுப்பது?" என்பதுதான் அது. உரிமையாளர் தரப்புக்கும் நியாயம் இருந்தது. மைதானக் கம்பனி தனது நீண்டகாலக் குத்தகைக்காக 20 மில்லியன் பவுணுக்கும் மேல் வங்கியில் கடன் பெற்றிருந்தது. வாடகை வராவிட்டால் தவணை எங்கிருந்து கட்டுவது? கம்பனி நீதிமன்றம் சென்று, 10 இலட்சம் பவுணுக்கும் அதிகமான நிலுவைக்குத் தீர்ப்புப் பெற்றது.

இடையில் பேச்சுவார்த்தைகளும் நடந்தன. வாடகையை வருடத்துக்கு 4 இலட்சம் பவுணாகக் குறைப்பதற்குக் கூட உரிமையாளர் தரப்பு முன்வந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ். அப்படியிருந்தும் உடன்பாடு கைகூடவில்லை.

ஏன்? இதற்கான விடை பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது. மைதானக் கம்பனியைக் காப்பாற்ற 2013 ஜனவரியில் மாநகர சபை 14.4 மில்லியன் பவுண் கடன் வழங்கி வங்கிக் கடனைத் தீர்த்தது. இது சட்டவிரோதமான அரச உதவி என்று கூறி கழக உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2014 ஜூனில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை நிராகரித்தது. வாடகையை நிறுத்தியமை மைதானக் கம்பனியை நெருக்கடிக்குள் தள்ளி, அதன் பங்கைக் குறைந்த விலைக்கு வாங்குவதற்கான திட்டமிட்ட வியாபார உபாயமாகும் என்றும் நீதிபதி தமது தீர்ப்பில் கண்டார். மேன்முறையீட்டிலும் முடிவு மாறவில்லை.

தகராற்றின் செலவு

உபாயம் என்ன பலனைத் தந்தது என்று பார்ப்போம்.

2013 மார்ச்சில் மைதானக் குத்தகையை வைத்திருந்த கழகக் கம்பனி நிர்வாகிகளின் பொறுப்புக்குச் சென்றது. லீக் நிர்வாகம் 10 புள்ளிகளைக் கழித்தது. கடன்காரர்களுடனான தீர்வுத் திட்டத்தை மைதானக் கம்பனி ஏற்க மறுத்ததால், அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் மேலும் 10 புள்ளிகள் போயின.

மைதானமும் போனது. 2013-14 பருவத்தில் கழகம் தனது சொந்த ஊர்ப் போட்டிகளை சுமார் 35 மைல் தொலைவிலுள்ள நோர்தாம்டனில், 8,000 பேர் கூட அமர முடியாத ஒரு சிறிய மைதானத்தில் விளையாடியது. இரசிகர்கள் பலர் கோபத்தில் அங்கு செல்ல மறுத்தனர். சராசரி வருகை இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. மறுபுறம், 32,000 ஆசனங்கள் கொண்ட அரங்கு கொவென்ட்ரியில் அதன் பிரதான வாடகைக்காரர் இன்றி வெறுமையாக நின்றது.

இதை நமது கடைத்தெருவுக்குப் பொருத்திப் பாருங்கள். வாடகைச் சண்டையால் முப்பது வருடம் பழகிய சந்தியை விட்டு அடுத்த ஊரில் கடை போட்டால் எத்தனை வாடிக்கையாளர் பின்னால் வருவார்கள்? சேமித்த வாடகை பெரிதா, இழந்த வாடிக்கையாளர் பெரிதா?

2014 ஓகஸ்டில் தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது. செப்டெம்பர் 5 ஆம் திகதி கழகம் ஊர் திரும்பிய முதற் போட்டியைக் காண 27,000 க்கும் மேற்பட்டோர் வந்தனர். வாடிக்கையாளர்கள் எங்கும் போய்விடவில்லை. கடைதான் அவர்களை விட்டுப் போயிருந்தது.

மூன்றாமவர் வந்தார்

ஆனால் தகராறு அத்துடன் முடியவில்லை. கழகம் திரும்பிய சில வாரங்களில், 2014 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், வொஸ்ப்ஸ் என்ற றக்பி கழகம் மைதானக் கம்பனியின் இரு பங்குகளையும் வாங்கிவிட்டது. வொஸ்ப்ஸ் கொவென்ட்ரியைச் சேர்ந்ததல்ல. இலண்டனில் தோன்றி, பின்னர் ஹை விக்கம் நகரில் விளையாடிவந்த கழகம் அது. மாநகர சபை அதற்கு 250 வருடக் குத்தகையை வழங்கியது. இரு பங்குகளுக்குமான விலை மொத்தம் சுமார் 5.5 மில்லியன் பவுண். கம்பனியின் கடனையும் வொஸ்ப்ஸ் பொறுப்பேற்றது.

இங்கே நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். விலையைக் குறைப்பதற்காகக் கழகம் தொடங்கிய சண்டையின் பலனை அனுபவித்தவர் வேறொருவர். விலை குறைந்தது, ஆனால் வாங்கியது கழகமல்ல. ஹிக்ஸ் தரும நிதியமும் தான் முன்பு கொடுத்த விலையில் பாதிக்கும் குறைவாகவே திரும்பப் பெற்றது. ஏழை எளியவருக்கான பணம் அது.

அதன் பின்னர் கழகம் புதிய உரிமையாளரின் கீழ் வாடகைக்காரராயிற்று. கழக உரிமையாளர்கள் தொடர்ந்து நடத்திய வழக்குகளும் முறைப்பாடுகளும் உறவை மேலும் கசப்பாக்கின. 2017 இல் கழகம் நான்காம் தரப் பிரிவு வரை வீழ்ந்தது. 2019 இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் இரண்டாம் முறையும் ஊரைவிட்டு வெளியேறி, இரண்டு பருவங்கள் பேர்மிங்ஹாம் நகரில் விளையாடியது. 2021 இல்தான் பத்து வருட ஒப்பந்தமொன்றுடன் திரும்பி வந்தது.

கட்டிட உரிமையாளரும் விழுந்தார்

வொஸ்ப்ஸின் கணக்கும் பலிக்கவில்லை. 2015 இல் பொதுமக்களிடமிருந்து 6.5 வீத வட்டியில் 35 மில்லியன் பவுண் பெறுமதியான கடன் முறிகளை அது வெளியிட்டிருந்தது. 2022 மே மாதத்தில் அப்பணம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். கொவிட் தொற்றுக்காலம் அரங்கின் வருமானத்தை நொறுக்கியது. பணம் திரும்பவில்லை.

அதே வருடக் கோடையில் பொதுநலவாய விளையாட்டு விழாவின் றக்பி செவன்ஸ் போட்டிகள் இவ்வரங்கில் நடைபெற்றன. தரை பாழாகி, ஓகஸ்டில் உதைபந்தாட்டக் கழகம் தனது ஊர்ப் போட்டிகளைப் பிற்போட நேர்ந்தது. 2022 ஒக்டோபரில் வொஸ்ப்ஸ் நிர்வாகிகளின் பொறுப்புக்குச் சென்றது. நவம்பரில் மைக் ஆஷ்லியின் ஃபிரேஸர்ஸ் குழுமம் 17 மில்லியன் பவுணுக்கு அரங்கை வாங்கியது. டிசம்பரில் கழகத்துக்குக் கிடைத்தது வெளியேறும் அறிவித்தல்! முன்னைய உரிமையாளருடன் செய்த பத்து வருட ஒப்பந்தம் புதியவரிடம் செல்லவில்லை. பருவத்தின் நடுவில், புதிய நிபந்தனைகளுக்குக் கையொப்பமிட்டே கழகம் தொடர்ந்து விளையாட முடிந்தது.

அதே காலத்தில் உள்ளூர் வர்த்தகரான டக் கிங் கழகத்தை சிசுவிடமிருந்து வாங்கினார். அவர் நீதிமன்றத்தைத் தேடவில்லை. முதலில் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தார். ஐந்து வருட ஒப்பந்தம் செய்தார். கழகத்தின் வருமானத்தை வளர்த்தார். 2025 ஓகஸ்டில் அரங்கையே ஃபிரேஸர்ஸ் குழுமத்திடமிருந்து வாங்கினார். ஹைஃபீல்ட் ரோட்டை விட்டு வெளியேறி இருபது வருடங்களுக்குப் பின் கழகமும் மைதானமும் ஒரே கையில் சேர்ந்தன.

நாம் பெறவேண்டிய பாடங்கள்

முதலாவது: சொந்த இடத்தை விற்குமுன் அடுத்த இடத்தை உறுதி செய்ய வேண்டும். "பெரிய கடைக்கு மாறுகிறேன்" என்ற ஆசையில் சிறிய கடையை விற்பவர்கள் நம்மிடையேயும் உள்ளனர். பழைய கடை விற்ற பணம் கடனுக்கும் செலவுக்கும் கரைந்துவிட்டால், புதிய இடத்தில் நாம் கேட்கும் நிலையில் இருக்கமாட்டோம். கொடுக்கும் நிலையில்தான் இருப்போம்.

இரண்டாவது: வாடகையை நல்ல காலத்து விற்பனையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. நோன்புப் பெருநாள் மாதத்து விற்பனையை வைத்து வருட வாடகைக்கு உடன்படும் புடைவை வியாபாரியின் நிலைதான் கழகத்தின் நிலை. மிக மோசமான மாதத்திலும் இந்த வாடகையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விற்பனை வீழ்ந்தால் இருவரும் அமர்ந்து தொகையை மீளாய்வு செய்வதற்கான வாசகத்தை ஒப்பந்தத்தில் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. பிரச்சினை வராத காலத்தில் இதைக் கேட்டால் எவரும் கோபிப்பதில்லை.

மூன்றாவது: இடத்தோடு என்னென்ன வருமானம் வருகிறது, எது வரவில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். விளம்பரப் பலகை யாருக்கு? வாகனத் தரிப்பிடம் யாருக்கு? முன்வாசலில் சிறு கடை போடும் உரிமை யாருக்கு? கழகத்தை வாட்டியது வாடகைத் தொகை மட்டுமல்ல. கூட்டத்தின் செலவு வேறு பைக்குப் போனதும்தான்.

நான்காவது: வாடகையை நிறுத்துவதை ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது. நிறுத்திய நாளிலிருந்து நியாயம் நம் பக்கம் இருந்தாலும் சட்டம் மறுபக்கம் போய்விடுகிறது. தொகையில் முரண்பாடு இருந்தால், முரண்பாடற்ற பகுதியைக் கொடுத்து, மீதியை எழுத்தில் ஆட்சேபித்து, நடுவரிடம் செல்வதே வியாபாரிக்கு அழகு. அதேநேரம், கடை உரிமையாளரும் பிடிவாதத்தின் விலையை அறிய வேண்டும். பெரிய வளாகத்தின் ஒரேயொரு பெரிய வாடகைக்காரர் விழுந்தால் உரிமையாளரும் விழுவார். மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கு இறங்கிவரும் யோசனை வாடகை நின்ற பிறகே வந்தது. அது முதல் வருடத்தில் விற்பனை சரியத் தொடங்கியபோதே வந்திருந்தால் நிலைமை இந்தளவுக்குச் செல்லாமல் இருந்திருக்கலாம்.

ஐந்தாவது: இடம் விற்கப்பட்டால் நமது நிலை என்ன என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். குத்தகை என்பது ஒன்று. வெறும் பாவனை அனுமதி என்பது வேறொன்று. பின்னையது பெரும்பாலும் கொடுத்தவரோடு முடிந்துவிடும். பத்து வருடம் என்று எழுதியிருந்தும் இரண்டு வருடங்களுக்குள் கழகத்துக்கு அறிவித்தல் வந்ததை மறக்கக் கூடாது. விற்பதாயின் முதலில் நமக்கே விலை சொல்ல வேண்டும் என்ற முன்னுரிமை வாசகத்தையும் கேட்டுப் பெறலாம். நமது நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்ட "ஐந்து வருட எக்ரிமென்ட்" நெருக்கடியில் கைகொடுக்கும் என்று நம்பியிருப்பது ஆபத்தானது.

ஆறாவது: கையொப்பமிடுவது யார் என்பதில் கவனம் தேவை. கழகத்தின் குத்தகை ஒரு கம்பனியின் பெயரில் இருந்தது. கழகத்தின் ஏனைய சொத்துக்கள் எந்தக் கம்பனிக்கு உரியவை என்பதே பெரும் சர்ச்சையாயிற்று. வாப்பாவின் பெயரில் கடை, மகனின் பெயரில் வியாபாரப் பதிவு, மருமகனின் பெயரில் மின்சார மீற்றர் என்றிருக்கும் குடும்ப வியாபாரங்கள் இதனை உடனே சீர்செய்துகொள்ள வேண்டும். மௌத்து வந்த பிறகு வாரிசுகளிடையே எழும் பிணக்குகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

மார்க்கத்தின் வழிகாட்டல்

இஸ்லாமிய வர்த்தகச் சட்டத்தில் வாடகை 'இஜாரா' என அழைக்கப்படுகிறது. அது ஒரு பொருளின் பயனை விற்பதாகும். எனவே பயன் எது, காலம் எவ்வளவு, தொகை எவ்வளவு என்பன இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயன் கிடைக்காத காலத்துக்கு வாடகை கேட்க முடியாது. தரை பாழான மைதானமும் கூரை ஒழுகும் கடையும் இதற்குள் வரும்.

வியாபாரம் நொடித்துவிட்டால் வாடகை ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்ற கேள்வியை நமது இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். கடையை வாடகைக்கு எடுத்தவர் முதலை இழந்துவிட்டால், அதனைத் தக்க காரணமாகக் கொண்டு ஒப்பந்தத்தை நீக்கலாம் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாபிஈ மத்ஹப் உள்ளிட்ட ஏனையோரிடம் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். இடத்தில் குறையிருந்தால் அல்லது அதன் பயன் கிடைக்காமற் போனால் மட்டுமே நீக்கலாம். வாடகைக்காரரின் சொந்த நட்டம் அதற்குப் போதாது. நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈக்கள். ஆகவே கையொப்பமிடுமுன் காலத்தையும் விலகும் நிபந்தனையையும் பேசிக்கொள்வது நமக்கு இன்னும் அவசியமாகிறது.

வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உரிமையாளரை நெருக்கி இடத்தை மலிவாகப் பிடிப்பதற்காக வாடகையை நிறுத்துவது இந்த எச்சரிக்கைக்குள் வந்துவிடும். அதேவேளை, கடனாளி உண்மையிலேயே சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்-பகரா அத்தியாயம் பணிக்கிறது. வாடகைக்காரருக்கு முதல் கட்டளை; உரிமையாளருக்கு இரண்டாவது. ஒவ்வொருவரும் மற்றவருக்குரிய கட்டளையை மட்டும் மனனமிட்டு வைத்திருப்பதால்தான் தகராறு முற்றுகிறது.

இந்த வாரம் செய்யவேண்டியது

வாசக நேயர்கள் தமது வாடகை ஒப்பந்தத்தை இந்த வாரமே அலுமாரியிலிருந்து எடுத்து, பின்வரும் கேள்விகளுக்கு விடை தேடட்டும். அது நொத்தாரிசினால் எழுதப்பட்டதா? எந்தத் திகதியில் முடிகிறது? அது யாருடைய பெயரில் உள்ளது? கொடுத்த முற்பணம் எழுத்தில் உள்ளதா? திருத்த வேலை யாருடைய பொறுப்பு? இடம் விற்கப்பட்டால் நமது நிலை என்ன? பிணக்கு வந்தால் யார் நடுவர்? வாடகை ஒரு வருடத்து மொத்த விற்பனையில் எத்தனை வீதம்? ஒரு கேள்விக்காவது விடை இல்லையென்றால், உரிமையாளருடன் நல்லுறவு இருக்கும் இப்போதே பேசிவிடுங்கள். முடியுமானால் மாத இலாபத்தில் ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். என்றாவது ஒருநாள் அந்த இடம் விலைக்கு வரும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டியிராது.

கடையை நடத்துபவருக்கும் கடையைக் கொடுத்தவருக்கும் அல்லாஹ் தஆலா பரக்கத் செய்வானாக.